ஏழு நாள் இரவல்: தனித்தியங்கும் தொழில்நுட்ப மதிப்பாய்வாளரின் பணிவாழ்வு

நுகர்வோர் தொழில்நுட்ப மதிப்பாய்வாளர் என்னும் சொற்றொடர், பொதுமக்களுக்காகக் கடைகளில் விற்கப்படும் திறன்பேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி, ஒலிக்கருவி முதலியவற்றைப் பயன்படுத்திப் பார்த்து, அளந்து, அவை கேட்கும் விலைக்குத் தகுமா என்பதை வாங்குவோருக்கு எழுத்திலோ காணொளியிலோ எடுத்துச் சொல்பவரைக் குறிக்கிறது. அவர்களுள் எந்த நிறுவனத்திடமும் மாதச் சம்பளம் பெறாமல், கட்டுரைக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு பல இதழ்களுக்கு எழுதுபவரையும், தம் சொந்தப் பொறுப்பில் வெளியிடுபவரையும் தனித்தியங்கும் மதிப்பாய்வாளர் என்று இவ்வுரை அழைக்கிறது. பேச்சுவழக்கில் அவர் 'ஃப்ரீலான்ஸ் ரிவ்யூவர்'. இவரைப் பற்றி மக்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: காசு வாங்கிக்கொண்டு பேசுகிறாரா? கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அது பாதிக் கேள்வி. மதிப்பாய்வின் தரம் இரண்டு கணக்குகளைப் பொறுத்தது. கருவிக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பது ஒரு கணக்கு. அது எத்தனை நாள் மதிப்பாய்வாளரின் கையில் இருந்தது என்பது மற்றொன்று. முதல் கணக்கைச் சட்டம் ஓரளவு கவனிக்கத் தொடங்கிவிட்டது. இரண்டாவதைக் கேட்பார் இல்லை.

பொருளைச் சோதித்துச் சொல்வது ஒரு தொழிலாக உருப்பெற்ற வரலாறு அமெரிக்காவைச் சேர்ந்தது. விளம்பரத்தை நம்பி வாங்கும் மக்கள் தாம் கொடுக்கும் பணத்துக்கு ஈடான பொருளைப் பெறுவதில்லை என்று ஸ்டூவர்ட் சேஸ், எஃப். ஜே. ஷ்லிங்க் ஆகிய இருவரும் 1927-இல் ஒரு நூல் எழுதினர். அதன் தொடர்ச்சியாக எழுந்த நுகர்வோர் ஆய்வு அமைப்பில் 1935-இல் ஊழியர் வேலைநிறுத்தம் நடந்து, பிரிந்து வந்தவர்கள் 1936-இல் நுகர்வோர் ஒன்றியத்தைத் தொடங்கினர். 'கன்சூமர் ரிப்போர்ட்ஸ்' இதழ் அந்த ஒன்றியத்தின் இதழே. மதிப்பாய்வுத் தொழிலின் மிகக் கண்டிப்பான அமைப்பு ஒரு தொழிலாளர் தகராற்றிலிருந்து பிறந்தது என்பது இத்தொழிலின் இன்றைய நிலையை அறிந்தவர்களுக்கு வியப்பளிக்காது. விளம்பரம் வாங்குவதில்லை, சோதிக்கும் பொருளைச் சாதாரண வாடிக்கையாளர்போல் கடையில் காசு கொடுத்தே வாங்குவது என்று அது வகுத்துக்கொண்ட நெறிக்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. உற்பத்தியாளரே அனுப்பிவைக்கும் பொருள், ஆயிரத்தில் ஒன்றாகப் பொறுக்கி எடுக்கப்பட்டதாக இருக்கலாம்; கடை அலமாரியிலிருந்து எடுத்த பெட்டியில் அந்த ஐயம் எழாது. பிரிட்டனில் 1957-இல் 'விச்?' இதழும், ஜெர்மனியில் 1964-இல் 'ஷ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட்' அமைப்பும் ஏறக்குறைய இதே வழியில் தொடங்கின. இந்தியாவில் அகமதாபாத்தின் நுகர்வோர் கல்வி ஆய்வு மையமும் தில்லியின் 'கன்சூமர் வாய்ஸ்' அமைப்பும் ஒப்பீட்டுச் சோதனைகளை நடத்தி வெளியிட்டிருக்கின்றன.

ஆயினும் இத்தகைய அமைப்புகளின் வேகம் நெய்க்கும் சலவை இயந்திரத்துக்கும் பொருந்துவதுபோல் திறன்பேசிக்குப் பொருந்துவதில்லை. ஒரு மாதிரியை வாங்கி, சோதித்து, அச்சேற்றுவதற்குள் அடுத்த மாதிரி சந்தைக்கு வந்துவிடும். அந்த இடைவெளியில்தான் தனிமனிதரின் பத்தி நுழைந்தது. 1991 அக்டோபரில் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளிதழில் வால்ட் மாஸ்பெர்க் தொடங்கிய வாரப் பத்தி, கணினி புரியாமல் போனால் குற்றம் பயன்படுத்துபவருடையதன்று, அதைச் செய்தவருடையது என்ற நிலைப்பாட்டிலிருந்து எழுதப்பட்டது. 1997-இல் ஆனந்த் லால் ஷிம்பி என்ற பதின்வயதுச் சிறுவர் 'ஆனந்த்டெக்' தளத்தையும், 1998-இல் ஃபில் ஆஸ்கி ஒளிப்படக் கருவிகளுக்கென 'டிபிரிவ்யூ' தளத்தையும் தொடங்கினர். இவ்விரண்டும் பின்னர் அடைந்த நிலை, தனித்தியங்குவோர் பெருகியதற்கான காரணத்தையும் காட்டுகிறது. டிபிரிவ்யூவை 2007-இல் வாங்கிய அமேசான், அதை மூடப்போவதாக 2023 மார்ச்சில் அறிவித்தது. அதே ஆண்டு ஜூனில் வேறொரு நிறுவனம் வாங்கியதால் அது பிழைத்தது. ஆனந்த்டெக் 2024 ஆகஸ்ட் 30-ஆம் நாளோடு நின்றுபோனது. ஆய்வுக்கருவிகளும் சம்பளமும் தந்த மேசைகள் இவ்வாறு குறையக் குறைய, அந்த வேலையைச் செய்தவர்கள் தத்தம் வீட்டு அறைக்குத் திரும்பி, அதே வேலையைத் தம் செலவில் தொடர்கிறார்கள். தனித்தியங்குதல் என்ற சொல்லில் உள்ள கம்பீரம் இதைப் பெரும்பாலும் மறைத்துவிடுகிறது.

அந்த அறைக்கு வந்துசேரும் கருவி பெரும்பாலும் இரவல். 'ரிவ்யூ யூனிட்' எனப்படும் இது, உற்பத்தி நிறுவனம் தன் மக்கள்தொடர்பு முகமை வழியாக மதிப்பாய்வுக்கென்று தரும் கருவி. தொடர் எண் குறிக்கப்பட்ட படிவத்தில் கையொப்பம் பெற்றுக் கூரியரில் அனுப்பப்பட்டு, இரண்டு மூன்று வாரங்களில் திரும்பப் பெறப்படுவது வழக்கம். எவருக்கு முதலில், எவருக்குப் பிறகு என்ற பட்டியல் முகமையிடம் இருக்கும். பெரிய நாளிதழின் ஊழியரும் பல இலட்சம் பார்வையாளரைக் கொண்ட காணொளியாளரும் அதன் தலைப்பில் இருப்பார்கள். தனித்தியங்குபவர் அடியில் இருப்பார், அல்லது இருக்கவே மாட்டார். இதழாசிரியர், கருவி கிடைப்பது உறுதியானால் கட்டுரைக்கு இடம் தருவதாகச் சொல்வார். முகமையோ, கட்டுரை வெளியாவதற்கு இதழாசிரியரின் கடிதம் இருந்தால் கருவி தருவதாகச் சொல்லும். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். இரண்டு பக்கமும் அரைகுறையாக ஒப்புக்கொண்டதுபோல் காட்டி வேலையை நகர்த்தும் சாமர்த்தியம், எந்தத் தொழில்நுட்ப அறிவைக் காட்டிலும் இவருக்கு முதலில் தேவைப்படுகிறது.

கருவியோடு சேர்ந்து வருவது தடைநேரம். 'எம்பார்கோ' என்று வழங்கும் இது, குறிப்பிட்ட நாளின் குறிப்பிட்ட மணி வரை எதையும் வெளியிடுவதில்லை என்ற உடன்பாடு. எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியிடுவதால் அவசரம் குறையும், நிதானமாகச் சோதிக்கலாம் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம், அது உண்மையே. ஆனால் தடைநேரம் விலகும் கணத்திலேயே வாசகரின் கவனம் முழுவதும் குவிந்து ஓரிரு நாளில் வடிந்துவிடுவதால், அந்த மணிக்குத் தயாராகாத மதிப்பாய்வுக்கு வாசகரும் இல்லை, வருமானமும் இல்லை. கருவி ஏழு நாளுக்கு முன் வந்தால் ஏழு நாள் சோதனை, மூன்று நாளுக்கு முன் வந்தால் மூன்று நாள் சோதனை என்றாகிறது. காலத்தின் அளவை இவ்வாறு கருவியை விற்பவரே முடிவு செய்கிறார்.

இரவல் நின்றுவிடும் என்ற அச்சம் எந்த மிரட்டலும் இல்லாமலே வேலை செய்யக்கூடியது. அது வெளிப்படையாகச் சொல்லப்பட்ட நிகழ்வும் ஒன்று உண்டு. 2020 டிசம்பரில் என்விடியா நிறுவனம், ஆஸ்திரேலியாவின் 'ஹார்டுவேர் அன்பாக்ஸ்டு' என்ற மதிப்பாய்வுக் குழுவுக்குத் தன் வரைகலை அட்டைகளை இனி அனுப்புவதில்லை என்று எழுதியது. விளையாட்டுகளில் ஒளிக்கதிரின் போக்கைக் கணக்கிட்டுக் காட்சி வரையும் புதிய உத்திக்கு அக்குழு போதிய முக்கியத்துவம் தரவில்லை என்பது குறை. துறையில் எழுந்த கண்டனத்தைக் கண்டு சில நாட்களில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு முடிவைத் திரும்பப் பெற்றது. பெரிய பெயர் என்பதால் கண்டனம் எழுந்தது. பட்டியலின் அடியில் உள்ள ஒருவருக்குக் கருவி வராமல் போவதற்குக் கடிதம்கூடத் தேவையில்லை. சம்பளம் பெறுபவரும் முற்றிலும் காப்பாற்றப்பட்டவர் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2013 ஜனவரியில் லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சியில் 'சிநெட்' இணைய இதழின் ஆசிரியர் குழு சிறந்ததெனத் தேர்ந்த தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பதிவுப் பெட்டியை, அதைத் தயாரித்த நிறுவனத்தோடு வழக்கு நடத்திக்கொண்டிருந்த தாய் நிறுவனமான சிபிஎஸ் விருதுப் பட்டியலிலிருந்து நீக்கச் செய்தது. இதழின் செய்தியாளர் ஒருவர் பதவி விலகினார், கண்காட்சி அமைப்பும் அந்த இதழோடு இருந்த விருது உறவை முறித்துக்கொண்டது.

காலம் என்னும் இரண்டாவது கணக்கு இதைவிட ஆழமானது. ஏனெனில் நேர்மையானவரையும் அது விட்டுவைப்பதில்லை. திறன்பேசிக்கு ஏழு ஆண்டு மென்பொருள் புதுப்பிப்பு உண்டு என்று 2023 அக்டோபரில் தன் பிக்சல் 8 கருவிக்குக் கூகுளும், 2024 ஜனவரியில் தன் கேலக்சி எஸ்24 வரிசைக்குச் சாம்சங்கும் வாக்களித்தன. ஏழு ஆண்டு வாக்குறுதியை ஏழு நாளில் எடைபோட வேண்டியவர் மதிப்பாய்வாளர். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அங்கே விற்கப்படும் திறன்பேசியின் மின்கலம் 800 முறை முழுமையாக மின்னேற்றம் பெற்ற பின்னும் தொடக்கக் கொள்ளளவில் 80 விழுக்காட்டைத் தக்கவைத்திருக்க வேண்டும். நாளுக்கு ஒரு முறை என்று கொண்டால் 800 முறை என்பது இரண்டு ஆண்டுகளுக்கும் மேல். சட்டம் இரண்டாண்டு உழைப்பை அளவுகோலாக வைத்திருக்க, இரவல் கருவியைக் கொண்டு எழுதுபவர் பத்து மின்னேற்றத்தைக்கூடக் காண்பதில்லை. மின்கலம் நன்று என்று அவர் எழுதும்போது, அது புதியதாக இருக்கும்போது நன்று என்பதே அதன் பொருள். அந்த அடைமொழியை எழுதுபவர் மிகச் சிலர்.

2010 ஜூனில் ஐஃபோன் 4 வெளிவந்தபோது முதல் வார மதிப்பாய்வுகளுள் பெரும்பாலானவை அதைப் போற்றின. கருவியின் விளிம்பில் இருந்த அலைவாங்கியின் ஓர் இடைவெளியைக் கை மூடும்போது சமிக்ஞை குறைகிறது என்பது மக்கள் வாங்கிப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகே பேச்சானது. கன்சூமர் ரிப்போர்ட்ஸ் வெளி அலைகள் புகாத அறையில் வைத்து அதைச் சோதித்து, கருவியைப் பரிந்துரைக்க இயலாது என்று ஜூலையில் அறிவித்தது. சில நாட்களில் ஆப்பிள் செய்தியாளர் கூட்டம் கூட்டி, எல்லோருக்கும் இலவச உறை தருவதாகச் சொன்னது. இதைத் தனிமனிதரின் கவனக்குறைவு என்று தள்ளிவிடலாம். 2016-இல் சாம்சங் வெளியிட்ட கேலக்சி நோட் 7 அப்படித் தள்ள முடியாதது. ஆகஸ்ட் 19 அன்று விற்பனைக்கு வந்து, மதிப்பாய்வாளர்களின் பாராட்டைப் பெற்ற அக்கருவியின் மின்கலங்கள் தீப்பற்றியதால் செப்டம்பர் 2 அன்று சுமார் 25 இலட்சம் கருவிகள் திரும்பப் பெறப்பட்டன. மாற்றித் தந்தவையும் தீப்பற்றவே அக்டோபரில் உற்பத்தியே நிறுத்தப்பட்டது. முதல் அறிவிப்பின்போது நிறுவனம் உறுதிசெய்திருந்த நிகழ்வுகள் 35. அதாவது ஏறத்தாழ 70,000 கருவிகளுக்கு ஒன்று. ஒரே ஒரு கருவியைக் கையில் வைத்திருக்கும் எந்த மதிப்பாய்வாளரும், எவ்வளவு திறமையும் நேர்மையும் உள்ளவராயினும், இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. தாம் சொல்வது ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற துணிவில் சொல்லப்படுவது என்பதும், மின்னணு உற்பத்தியில் எல்லாச் சோறும் ஒரே பானையில் வெந்ததன்று என்பதும் இத்தொழிலில் இருப்போர் அறிந்தவை. நோட் 7-இன் மின்கலங்களே இரண்டு வெவ்வேறு ஆலைகளிலிருந்து, இரண்டு வெவ்வேறு குறைகளோடு வந்தவை என்பது 2017 ஜனவரியில் வெளியிடப்பட்ட விசாரணை முடிவு.

இரவல் முறை நன்மை செய்த நிகழ்வும் இல்லாமல் இல்லை. 2019 ஏப்ரலில் சாம்சங்கின் முதல் மடிப்புத் திறன்பேசியான கேலக்சி ஃபோல்டு 1,980 டாலர் விலையில் வெளிவரவிருந்தபோது, மதிப்பாய்வுக்கு அனுப்பப்பட்ட கருவிகள் சில இரண்டு நாட்களுக்குள் பழுதாயின. பாதுகாப்புத் தாள் என்று எண்ணிச் சிலர் திரையின் மேலடுக்கை உரித்துவிட்டனர். உரிக்காதவர்களின் கருவியும் சில கெட்டன. ஏப்ரல் 26 வெளியீடு ஒத்திவைக்கப்பட்டு, திருத்தப்பட்ட கருவி செப்டம்பரில் வந்தது. திரையை உரித்தவர்கள் அப்போது கேலிக்கு உள்ளானார்கள். ஆனால் வாங்கும் பொதுமக்கள் செய்யக்கூடியதையே அவர்கள் செய்தார்கள். அறியாத கையோடு பொருளைத் தொடுவதும் மதிப்பாய்வின் ஒரு பகுதிதான்.

அளவிடும் பணியைப் பொறுத்தவரை, வீட்டறையிலிருந்து எழுதுபவரும் செம்மையாகச் செய்யக்கூடியவை பல உள்ளன. மின்கலச் சோதனைக்கு எல்லாக் கருவிகளின் திரையையும் ஒரே ஒளிர்வில் நிறுத்தியாக வேண்டும். வழக்கமாக அது 200 நிட். நிட் என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பு வெளியிடும் ஒளிச்செறிவைக் கேண்டெலா என்ற அலகில் சொல்லும் அளவு. திரைமேல் வைக்கும் நிறமானி, மின்னேற்றும் கம்பியின் இடையே செருகும் மின்திறன் அளவி, அறையின் வெப்பமானி ஆகிய மூன்றும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. நிறமானி தரும் 'டெல்டா ஈ' என்ற எண், திரை காட்டும் நிறம் காட்ட வேண்டிய நிறத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதைக் குறிக்கும். அது சிறியதாக இருக்கும்வரை சாதாரணக் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. இக்கருவிகளையெல்லாம் அவர் சொந்தப் பணத்தில் வாங்குகிறார், அவற்றின் தேய்மானத்தை எந்த இதழும் கொடுப்பதில்லை.

எண் வந்துவிட்டால் உண்மை வந்துவிட்டது என்றும் கொள்ள முடியாது. கருவியின் கணிப்புத் திறனை அளக்கும் சோதனை மென்பொருளுக்குப் 'பெஞ்ச்மார்க்' என்று பெயர். 2013-இல் ஆனந்த்டெக் கண்டறிந்தபடி, கேலக்சி எஸ்4 திறன்பேசியின் ஒரு வகையில் வரைகலைச் சில்லு, குறிப்பிட்ட சில சோதனை மென்பொருள்கள் ஓடும்போது மட்டும் 532 மெகாஹெர்ட்சிலும் மற்ற நேரங்களில் 480 மெகாஹெர்ட்சிலும் இயங்கியது. தேர்வு நடக்கிறது என்பதைக் கருவியே அறிந்துகொண்டது. 2018-இல் ஹுவாவே கருவிகள் சிலவற்றை '3டிமார்க்' சோதனையின் தரவரிசையிலிருந்து அதன் உரிமையாளர் நீக்கினார். பொதுவெளியில் கிடைக்கும் மென்பொருளுக்கு ஒரு மதிப்பெண்ணும், பெயர் மாற்றி மறைத்த அதே மென்பொருளுக்கு வேறொரு மதிப்பெண்ணும் வந்ததே காரணம். பிழை அளப்பவர் வழியாகவும் புகும். 2016 டிசம்பரில் கன்சூமர் ரிப்போர்ட்ஸ், மேக்புக் ப்ரோ மடிக்கணினி ஒன்று ஒரு முறை 16 மணி நேரமும் மற்றொரு முறை 3.75 மணி நேரமும் ஓடியதாகக் கண்டு பரிந்துரையை நிறுத்திவைத்தது. சோதனைக்காக உலாவியில் ஓர் அமைப்பை மாற்றியது, எளிதில் கண்ணில் படாத மென்பொருள் வழுவைத் தூண்டிவிட்டது என்பது பின்னர் தெரிந்தது. ஆப்பிள் அவ்வழுவைத் திருத்த, 2017 ஜனவரியில் இதழ் முடிவை மாற்றியது. ஆய்வகமும் ஊழியரும் உள்ள அமைப்புக்கே இந்த நிலை என்றால், ஒற்றை ஆளாக நின்று மறுநாள் காலைக்குள் கட்டுரை தர வேண்டியவர், வழக்கத்துக்கு மாறான எண் ஒன்றைக் கண்டதும் அதைத் துரத்திச் செல்வாரா, ஒதுக்கிவிட்டுச் செல்வாரா என்பதை ஊகிப்பது கடினமன்று.

இடமும் ஓர் அளவுகோலே. ஐஃபோனைப் பயன்படுத்தத் தக்க சுற்றுப்புற வெப்பநிலை 0 முதல் 35 பாகை செல்சியசு வரை என்று ஆப்பிள் தன் கையேட்டில் குறிக்கிறது. அக்கினி நட்சத்திர நாட்களில் சென்னையும் வேலூரும் மதுரையும் 40 பாகையைத் தொடும்போது, கலிஃபோர்னியாவின் குளிரூட்டிய அறையில் எழுதப்பட்ட மதிப்பாய்வு சொல்லாத பல செய்திகளை இங்குள்ள பேருந்து நிறுத்தம் சொல்லிவிடும்: திரை தானாக மங்குகிறது, மின்னேற்றம் பாதியில் நிற்கிறது, கணிப்பின் வேகம் குறைகிறது. தமிழில் எழுதும் மதிப்பாய்வாளருக்கு இயல்பாக வாய்த்த ஆய்வகம் இது. அதைப் பயன்படுத்துவோர் குறைவு என்பது வருந்தத்தக்கது. பெரும்பாலோர் அயல்நாட்டுக் காணொளியின் பொருளடக்க வரிசையையே பின்பற்றுகிறார்கள்.

வருமானத்துக்கு வருவோம். கட்டுரைக் கூலி, தரகு, நிறுவனத்தின் நேரடிப் பணம் என்று அது மூன்று வழியில் வருகிறது. கட்டுரைக் கூலி மிகத் தூய்மையானது, மிகக் குறைவானது, மிகத் தாமதமானது. தரகு என்பது, மதிப்பாய்வில் தரப்பட்ட சுட்டியின் வழியாகக் கடைக்குச் சென்று வாசகர் வாங்கினால் கடைக்காரர் எழுதியவருக்குத் தரும் பங்கு. 'அஃபிலியேட்' என்று வழங்கும் இதை அமேசான் 1996-இலேயே தொடங்கியது. பிரையன் லாம் 2011-இல் தொடங்கிய 'வயர்கட்டர்' தளம் இந்தத் தரகை முதன்மை வருமானமாகக் கொண்டு வளர்ந்து, 2016-இல் நியூயார்க் டைம்ஸ் நிறுவனத்தால் சுமார் 3 கோடி டாலருக்கு வாங்கப்பட்டது. எந்த நிறுவனத்தின் பொருளை வாங்கினாலும் பங்கு வரும் என்பதால் இதில் ஒருசார்பு இல்லை என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதம் பாதி தூரம் செல்லும். எந்தப் பொருளை வாங்கினாலும் பங்கு உண்டு, எதையும் வாங்காவிட்டால் மட்டும் பங்கு இல்லை. கையில் உள்ள மூன்றாண்டுப் பழைய கருவியே போதும், இந்த ஆண்டு செலவு வேண்டாம் என்பது பல வாசகருக்குத் தரத்தக்க மிகச் சரியான அறிவுரை. அதற்கு இந்த முறையில் ஒரு காசும் கிடைக்காது. பங்கின் விகிதத்தைக் கடைக்காரர் நினைத்தபோது குறைக்கலாம் என்பதும் 2020 ஏப்ரலில், பல பொருள்வகைகளுக்கு அமேசான் அதைக் குறைத்தபோது, எல்லோருக்கும் தெரிந்தது.

மூன்றாவது வழியைத்தான் சட்டம் பார்க்கிறது. இந்திய விளம்பரத் தரநிலை மன்றம் 2021-இல் வகுத்த நெறிகள், நிறுவனத்திடம் பணமோ இலவசப் பொருளோ பெற்று வெளியிடுபவர் அதை முகப்பிலேயே அறிவிக்க வேண்டும் என்றன. அறிவிப்பு ஆங்கிலத்திலோ வெளியீட்டின் மொழியிலோ இருக்கலாம் என்பதால் 'விளம்பரம்' என்ற தமிழ்ச் சொல்லுக்குத் தடையேதும் இல்லை. ஆயினும் தமிழ்க் காணொளிகளின் ஓரத்தில் ஆங்கிலக் குறுஞ்சொல் ஒன்று கண்ணுக்குத் தெரியாத அளவில் கிடப்பதையே காண்கிறோம். 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறான விளம்பரத்துக்குத் துணைபோகும் பரிந்துரையாளருக்கு 10 இலட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 இலட்சம் வரையிலும் தண்டம் விதிக்க இடமளிக்கிறது. அவர் பரிந்துரை செய்வதையே ஓராண்டும் பின்னர் மூன்றாண்டும் தடுக்கலாம். 2023 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டி, இலவசப் பொருளையும் பயணத்தையும் தங்குமிடத்தையும் அறிவிக்க வேண்டிய பயன்களில் சேர்த்தது.

வரித்துறை இதைவிடக் கூர்மையாகப் பார்த்தது என்றே சொல்ல வேண்டும். வருமானவரிச் சட்டத்தில் 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த 194ஆர் பிரிவின்படி, தொழில் வழியாக ஒருவருக்குக் கிடைக்கும் பொருள்வடிவப் பயனின் மதிப்பு ஆண்டில் 20,000 ரூபாயைத் தாண்டினால், தருபவர் 10 விழுக்காடு வரியை உறுதிசெய்த பின்னரே அதைத் தரலாம் என்றானது. சோதித்த பின் கருவி திருப்பி அனுப்பப்பட்டால் அது பயன் ஆகாது, வைத்துக்கொண்டால் பயன் ஆகும் என்று நேரடி வரிகள் வாரியத்தின் விளக்கச் சுற்றறிக்கை பிரித்துக் காட்டியது. 60,000 ரூபாய்த் திறன்பேசியை வைத்துக்கொள்ளுமாறு சொல்லப்பட்டால் அதில் 6,000 ரூபாய் வரி உண்டு. இரவலுக்கும் அன்பளிப்புக்கும் உள்ள கோட்டை அறநூல்கள் வரைவதற்கு முன் வரித்துறை வரைந்துவிட்டது.

புகழ்பெற்ற ஒரு மதிப்பாய்வாளரின் சொல்லுக்கு நிறுவனத்தை வீழ்த்தும் வலிமை உண்டா என்ற விவாதம் 2024 ஏப்ரலில் எழுந்தது. சட்டையில் குத்திக்கொள்ளும் 'ஹியூமேன் ஏஐ பின்' என்ற 699 டாலர் கருவியைத் தாம் இதுவரை பார்த்தவற்றுள் மிக மோசமானது என்று அமெரிக்கரான மார்க்கெஸ் பிரவுன்லீ காணொளி வெளியிட, இளம் நிறுவனத்தை இப்படிச் சொல்வது முறையா என்று சிலர் கேட்டனர். 2025 பிப்ரவரியில் அந்நிறுவனத்தின் சொத்துகளை 11.6 கோடி டாலருக்கு எச்பி வாங்கியது. அம்மாதம் 28-ஆம் நாளோடு, விற்கப்பட்ட கருவிகள் செயலிழந்தன. அவற்றைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால், காணொளி கடுமையாக இருந்தது என்று குறைப்பட எதுவும் இல்லை. தனித்தியங்கும் சிறிய மதிப்பாய்வாளருக்கோ இந்த விவாதமே அயலானது. அவருடைய சொல் எந்த நிறுவனத்தையும் வீழ்த்தாது, அவருடைய அடுத்த இரவலை வேண்டுமானால் வீழ்த்தும்.

வேலையின் அன்றாடம் வெளியிலிருந்து பார்ப்போர் எண்ணும் அளவுக்குப் பொலிவானதன்று. வாரம் ஒரு கருவியைத் தம் சொந்தக் கருவியாகவே பயன்படுத்திப் பார்க்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு முறையும் சிம் அட்டையைக் கழற்றி மாட்டி, உரையாடல்களை இடம் மாற்றி, பணப்பரிமாற்றச் செயலிகளில் எண்ணை மறுபடி உறுதிப்படுத்த வேண்டியிருக்கிறது. அடிக்கடி கருவி மாற்றுபவரை வங்கியின் பாதுகாப்பு முறை ஐயத்தோடு பார்ப்பது இயல்பே; மாதத்தில் நான்கு திறன்பேசிகளுக்குச் சொந்தக்காரர்போல் தோன்றும் ஒருவர், காய்கறிக் கடையில் பத்து ரூபாய் அனுப்ப முடியாமல் நிற்கும் நிலையும் இத்தொழிலின் பகுதிதான். அழகாகப் படமெடுத்த கருவி கூரியரில் திரும்பிச் சென்ற பிறகு, அதை வாங்கிய வாசகர் மூன்றாம் மாதம் கேட்கும் ஐயத்துக்குப் பதில் சொல்ல மதிப்பாய்வாளரின் மேசையில் எதுவும் இருப்பதில்லை.

அந்த மூன்றாம் மாதத்தையும் மூன்றாம் ஆண்டையும் அறிந்தவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். சென்னை அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெருவில் பழுதுபார்க்கும் சிறு கடைக்காரர்களுக்கு, எந்த மாதிரி எந்தக் குறையோடு திரும்பி வருகிறது என்பது மனப்பாடம். மென்பொருளைப் புதுப்பித்த மறுநாள் திரையில் நெடுக விழும் பச்சைக் கோடு, இந்தியப் பயனாளர்களின் பெருங்குறையாக எழுந்து, சில நிறுவனங்கள் இலவசமாகத் திரையை மாற்றித் தரும் நிலைக்கு வந்தது. எந்த முதல் வார மதிப்பாய்விலும் அது இடம்பெற்றிருக்க முடியாது, ஏனெனில் அது ஓராண்டுக்கும் இரண்டாண்டுக்கும் பிறகு வரும் குறை. கனடாவின் 'ஆர்டிங்ஸ்' நிறுவனம் 100 தொலைக்காட்சிப் பெட்டிகளைச் சொந்தப் பணத்தில் வாங்கி, ஆண்டுக்கணக்கில் ஓடவிட்டுத் தேய்மானத்தைப் பதிவுசெய்தது. அத்தகைய முதலீடு தனிமனிதருக்கு இயலாது. ரிச்சி தெருவுக்குச் சென்று பத்துக் கடைகளில் கேட்டு எழுதுவது இயலும். அதற்கு எந்த முகமையின் பட்டியலிலும் இடம்பெறத் தேவையில்லை.

எழுத்தாளர் சுஜாதா போன்றோர் மின்னணுவியலைத் தமிழில் விளக்கிச் சொல்லும் நடையை உருவாக்கித் தந்தார்கள். விளக்குவதற்கு அடுத்த படி மதிப்பிடுவது. மதிப்பிடும் உரைநடை தமிழில் அச்சிலிருந்து ஏறக்குறைய மறைந்து முழுவதும் காணொளிக்குச் சென்றுவிட்டது. காணொளியில் பெட்டியைப் பிரிக்கும் காட்சிக்கு உள்ள ஈர்ப்பு, ஆறு மாதம் கழித்து அதே கருவியைக் காட்டுவதற்கு இல்லை. 15,000 ரூபாயை ஆறு மாதத் தவணையில் கட்டித் திறன்பேசி வாங்கும் குடும்பத்துக்குத் தேவைப்படுவதோ அந்த ஆறாம் மாதச் செய்தியே.

ஆகவே தமிழ் இதழாசிரியர்களிடம் இவ்வுரை வைக்கும் வேண்டுகோள் இது. தொழில்நுட்பக் கட்டுரை ஒன்றைக் கேட்கும்போதே, அதே கருவியைப் பற்றி ஆறு மாதம் கழித்து எழுதப்படும் இரண்டாவது கட்டுரைக்கும் கூலி பேசிவிடுங்கள். இயன்றால் கருவியின் விலையையும் இதழே கொடுக்கட்டும். இயலாவிட்டால், செலவே இல்லாத ஒன்றையாவது செய்யுங்கள். எழுதியவர் பெயருக்குக் கீழே இரண்டு விவரங்களை அச்சிடுங்கள்: கருவியை வாங்கியவர் யார், அது அவர் கையில் இருந்த நாட்கள் எத்தனை.